காட்டுக்குள் நிறுத்தக் கூடாது

இருபத்து மூன்று வருஷம் கார் ஓட்டியே சம்பாதித்த ஆள் வீட்டில் இருக்கும்போது, அவர் மனைவி எதற்காக ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறிப் போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள்?

எங்கள் தெருமுனை பேக்கரிக்காரர் இதை என்னிடம்தான் கேட்டார். பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் தெருவை அளந்துகொண்டிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது முழுக் கதையும் தெரியும். அந்த மனைவி நஜ்முன்னிசாவே சொன்னது. கணவர் ரசூல் பாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இடையிடையே "அப்படி இல்ல, இப்படி" என்று திருத்தினார்.

மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடைச் சந்துகளைத் தாண்டி உள்ளே போனால் அவர்கள் வீடு. கல்யாணமான மறுவருஷமே ரசூல் சவூதிக்குப் போனார். தமாம் நகரத்தில் டிரைவர் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. மகள் அல்ஷிஃபா பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, கல்யாணமாகிச் சென்னைக்குப் போனது எல்லாம் அந்த லீவுகளுக்கு நடுவில் நடந்தன. ரேஷன் கார்டு, வீட்டு வரி, கூரை ஒழுகல், மாமியார் ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் நஜ்முன்னிசாதான் ஓடினாள். ஒரு நாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் அவரோடு சேர்ந்து இருந்தது இருபத்திரண்டு மாதம்.

அதனால்தான் போன வருஷம் அவர் "இனிமே போகல" என்று பெட்டியோடு வந்து இறங்கியபோது, அவள் மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

வந்ததும் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓட்டினார். ஒரு விடியற்காலை, லீவுக்கு வந்திருந்த அல்ஷிஃபாவை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரோட்டில் ஈ காக்கை இல்லை. திருவானைக்காவல் வளைவில் திரும்பிய ரசூல், நேராக வலது பக்கம் ஏறிவிட்டார். சவூதியில் எல்லோரும் வலது பக்கம்தான் போவார்கள். அவருடைய கைகள் அங்கேயே இருந்தன. எதிரே பால் வேன். வேன்காரர் ஒடித்து, பிரேக் போட்டு, ஒரு முழ இடைவெளியில் நின்றார். யாருக்கும் அடியில்லை. ஆனால் வேன்காரர் இறங்கி வந்து கேட்டார்:

"ஏன் பெரியவரே, லைசென்சு எந்தக் கடையில வாங்கினீங்க?"

லைசென்ஸைப் பற்றிக் கேட்டதைக்கூட ரசூல் தாங்கிக்கொண்டிருப்பார். ஐம்பத்து நாலு வயதில் பெரியவர் என்று கூப்பிட்டதுதான் உள்ளே போய்த் தைத்தது. காரை ஓரமாக நிறுத்தினார், சாவியை எடுத்தார், இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். நஜ்முன்னிசா இடது சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஓட்டத் தெரிந்தவர் நடந்து போகிறார். உட்கார்ந்திருக்கிற தனக்கோ ஓட்டத் தெரியாது. மத்தியானம் வரை கார் அங்கேயே நின்றது. பக்கத்து வீட்டுப் பையன்தான் போய் எடுத்து வந்தான்.

அதற்கப்புறம் ரசூல் சாவியைத் தொடவில்லை. தெருமுனையில் கார் உறை போர்த்திக் கிடந்தது. அவர் கறிக்கடைக்குப் போவார், பள்ளிவாசலுக்குப் போவார், வந்து உட்காருவார். நஜ்முன்னிசா அடுத்த வாரமே ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். எங்கள் சந்துகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகவே இடம் கேட்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் பானுமதி என்பவர் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார்.

பானுமதிக்கு ஒரு வழக்கம். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில்தான் பயிற்சி. அதுவும் வலமாக மட்டும்தான் சுற்றுவார். நாலு மூலையிலும் வலது திருப்பம்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நஜ்முன்னிசா கேட்டாள். "ஏன்க்கா, ஒரு நாளாவது அந்தப் பக்கமாச் சுத்தினா என்ன? எனக்கு லெஃப்ட்ல திருப்பவே வரமாட்டேங்குது."

"பெருமாள இடமாச் சுத்தச் சொல்றியா? என் உசுரு இருக்கறவரைக்கும் நடக்காது."

"உங்க பெருமாளு. எனக்கென்ன?"

"வண்டி என்னுதுல்ல?" என்றார் பானுமதி. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

நஜ்முன்னிசா வலது பக்கம் கண்ணை மூடிக்கொண்டு திருப்புவாள். இடது பக்கம் என்றால் தோள்பட்டை இறுகிவிடும். டெஸ்டில் எட்டு போடும்போது இடது வளைவில் ஒரு கம்பைச் சாய்த்துவிட்டு, அடுத்த தடவைதான் பாஸ் பண்ணினாள். இவ்வளவும் தெருவுக்கே தெரியும். வீட்டில் இருந்த ஒருவருக்குத்தான் தெரியாது.

ஜூன் மாதம் பிறந்ததும் பாலக்கரை ஏஜென்ட் ஆசாத் வந்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே ரசூல் சொன்னார்:

"தமாம்லயே ஒரு கம்பெனியாம். ரெண்டு வருஷ காண்ட்ராக்ட். பத்தாந்தேதிக்குள்ள பாஸ்போர்ட் கேக்கறான்."

"இனிமே போகலன்னு சொன்னீங்களே."

"இங்க நான் யாரு நஜ்மு, சொல்லு. கறி வாங்கிட்டு வர ஆளு. அங்கன்னா ஏறி உக்காந்தா போதும், கை தானாப் போகும்."

நஜ்முன்னிசா குழம்பை ஊற்றினாள். "கல்யாணத்தப்ப ஒண்ணு சொன்னீங்க. முதுமலைக்குக் கார்ல கூட்டிட்டுப் போய் யானை காட்டறேன்னு."

"அது எந்தக் காலத்துல சொன்னது!"

"யானை இன்னும் அங்கதான் இருக்காம். பாஸ்போர்ட்ட ஒம்பதாந்தேதி குடுங்க. அதுக்கு முன்னாடி எனக்கு மூணு நாள் வேணும்."

"சரி, டாக்சி சொல்லு."

"டாக்சி எதுக்கு? வண்டிதான் நிக்குதே."

"யாரு ஓட்டறது? உங்கத்தாவா?" என்று மாமனாரை இழுத்தார் ரசூல்.

அவள் எழுந்து போய் பிரிட்ஜ் மேலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "போட்டோவுல இருக்கறது எங்கத்தாவான்னு பாருங்க."

ரசூல் லைசென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்ப?"

"நீங்க சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய் ராத்திரி இஷா வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தீங்கல்ல, அப்ப."

அவள் முடிவு செய்துவிட்டாள். இந்த மூன்று நாளில் அவரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட வேண்டும். முடியாவிட்டால் பத்தாந்தேதிக்கு மேல் வீட்டில் மறுபடியும் அவர் போன்தான் இருக்கும், அவர் இருக்கமாட்டார்.

நீலகிரிக்கு இ-பாஸ் போனிலேயே எடுத்தாள். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினார்கள். ரசூல் இடது பக்கம் உட்கார்ந்தார். கரூர் வரை அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காங்கேயம் தாண்டியதும் காலைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பிரேக் போட ஆரம்பித்தார்.

"ரப்பர் மேட்டக் கிழிச்சுறாதீங்க," என்றாள்.

"லாரி நிக்குது பாரு!"

"பார்த்துட்டேன்."

"பார்த்துட்டேன்னா காலு பிரேக்குக்குப் போகணும்ல?"

"போயிருச்சு. நீங்கதான் ரெண்டாவது பிரேக் போடறீங்க."

மேட்டுப்பாளையம் வரை நல்லபடியாகத்தான் வந்தார்கள். மலை ஏறியதும் அவள் வண்டவாளம் தெரிந்துவிட்டது. வலது பக்கக் கொண்டை ஊசி வளைவுகள் அகலமாக இருந்தன, அழகாகத் திருப்பினாள். இடது பக்க வளைவுகளோ குறுகலும் செங்குத்துமாக இருந்தன. இரண்டாவது இடது வளைவில் வண்டி இருமிவிட்டு நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கியர் மாற்ற எந்தக் கையை எடுப்பது?

"கிளட்ச்!" என்றார் ரசூல்.

அவள் மிதித்தாள். அவருடைய வலது கை கியர் கம்பியைப் பிடித்து முதல் கியருக்குத் தள்ளியது. சவூதி வண்டிகளில் டிரைவர் இடது பக்கம் உட்காருவார், கியர் அவருக்கு வலது கைப் பக்கம் இருக்கும். இங்கே இடது சீட்டில் உட்கார்ந்திருந்த ரசூலுக்கும் கியர் அதே பக்கம்தான். இருபத்து மூன்று வருஷம் செய்ததை அந்தக் கை யாரையும் கேட்காமல் செய்தது.

"சாவியத் திருப்பு... இப்ப விடு. மெதுவா. ஒடி, ஒடி, இன்னும் ஒடி. போ!"

வண்டி ஏறியது. அடுத்த வளைவில் அவள் கியரைத் தொடவே இல்லை. "கிளட்ச்" என்று அவள் சொன்னாள், அவர் மாற்றினார். குன்னூர் வரை இப்படியே போனார்கள். ஒரு சுற்றுலா வேனில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பாம்?" என்றாள் அவள்.

"ஒரு கார்ல ரெண்டு டிரைவரப் பார்த்திருக்க மாட்டாங்க," என்றார் ரசூல். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அதுதான். அவள் அதைக் காட்டிக்கொள்ளாமல் ரோட்டைப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கினார்கள். தூறல். தொரப்பள்ளி செக்போஸ்டில் வனக்காவலர் குனிந்து உள்ளே பார்த்துச் சொன்னார்: "இனி தேசியப் பூங்கா. நடுவுல எங்கயும் நிறுத்தக் கூடாது. இறங்கக் கூடாது. ஹாரன் வேணாம். முப்பதுல போங்கம்மா."

இரண்டு பக்கமும் காடு. நனைந்த மூங்கில், புள்ளிமான்கள், ஒரு மயில். தெப்பக்காட்டில் வண்டிகள் நிற்க இடம் இருந்தது. டீ குடித்தார்கள். நஜ்முன்னிசா காரைச் சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அங்க ஏன் உக்கார்ற?"

"நீங்க ஓட்டுங்க. எனக்குக் கால் வலிக்குது."

"கொஞ்ச நேரம் உக்காரு, சரியாப் போயிரும்."

"உக்காந்து உக்காந்துதாங்க வலியே."

ரசூல் மழையில் நனைந்துகொண்டே நின்றார். குரலைத் தாழ்த்தினார். "வெளையாடாத நஜ்மு. கூட்டம் இருந்தா முன்னாடி போறவன் பின்னாடியே போயிருவேன். காலி ரோடுதான் எனக்கு ஆகாது. காலியாப் பார்த்தா கை அங்க போயிருது."

"தெரியும். அதுக்குத்தான் காட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்."

"யானை பாக்கன்னு சொன்ன?"

"யானையும்தான். ஏறுங்க, நனையறீங்க."

அவர் ஏறுவதற்குள் இன்னொரு டீ ஆறும் நேரம் ஆனது. 'பிஸ்மில்லாஹ்' என்று சொல்லிச் சாவியைத் திருப்பினார். கியருக்கு முதலில் வலது கையை நீட்டினார், அது கதவில் இடித்தது. அவள் பார்க்காதது மாதிரி இருந்தாள். வண்டி பாலத்தைத் தாண்டியது. அவர்களுக்கு முன்னால் ஒரு ஜீப்பும் இரண்டு கார்களும் போயின. ரசூல் அவற்றைப் பிடித்துக்கொண்டே இடது பக்கம் போனார். வியர்த்து வழிந்தது, ஆனாலும் போனார்.

மூன்றாவது கிலோமீட்டரில் முன்னால் போன வண்டிகள் நின்றன. ஒரு பெண் யானை ரோட்டில் கால் வைத்தது. அதன் வயிற்றுக்குக் கீழே குட்டி. அவசரமே இல்லாமல் இரண்டும் கடந்து போயின. குட்டி நடுரோட்டில் நின்று தும்பிக்கையால் தாரை மோந்து பார்த்தது. தாய் பின்னங்காலால் லேசாகத் தட்டியது.

"சொன்ன மாதிரி காட்டிட்டேன்," என்றார் ரசூல் மெதுவாக.

"இருபத்து நாலு வருஷம் லேட்," என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது.

யானை மறைந்ததும் முன்னால் இருந்த மூன்று வண்டிகளும் சர்ரென்று போய்விட்டன. ரசூலின் கால் கிளட்சில் தடுமாறி, வண்டி அணைந்து, மறுபடி கிளப்பி நிமிர்ந்தபோது ரோடு காலி. நேராக, நனைந்து, பளபளவென்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை காலி.

அவர் கிளப்பினார். நஜ்முன்னிசா தன் பக்க ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். நடுரோட்டு வெள்ளைக் கோடு அவளுக்கு இடது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு சிவப்பு பஸ் வந்துகொண்டிருந்தது.

கத்தக் கூடாது என்று அவள் திருச்சியிலேயே முடிவு செய்திருந்தாள். கத்துவதை அந்தப் பால் வேன்காரர் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார். அவள் அவர் முழங்கை மேல் கையை வைத்தாள்.

"என்னங்க. இது தமாம் இல்ல. நம்ம பக்கத்துக்கு வாங்க."

ரசூல் பஸ்ஸைப் பார்த்தார். ஒடித்தார். வண்டி இடது பக்கத்துக்கு வந்தது. பஸ் கடந்து போனது. அதன் டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை.

ரசூலின் முகம் வெளுத்திருந்தது. "நிறுத்தறேன். நீ வந்து ஓட்டு."

"நிறுத்தக் கூடாது."

"நஜ்மு!"

"நான் சொல்லலங்க, கவர்மெண்டு சொல்லுது. இறங்கவும் கூடாதாம். யானை நிக்குது. முப்பதுல போங்க."

அவருக்கு வேறு வழியில்லை. அன்று திருவானைக்காவலில் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். இங்கே எங்கே நடப்பது? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் அந்தக் காலி ரோட்டில் ஓட்டினார். வண்டி கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்தால் அவள் அவர் முழங்கையை ஒரு விரலால் தொட்டாள். அவர் திரும்ப வந்தார். இரண்டு தடவை தொட வேண்டியிருந்தது. அப்புறம் தேவைப்படவில்லை.

கக்கநல்லா செக்போஸ்டில் தமிழ்நாடு முடிகிறது. அங்கே வண்டி நின்றதும் அவர் இறங்கிவிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் இறங்கவில்லை. கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க போன புதுசுல நானும் இப்படித்தான் நஜ்மு. எடது பக்கம் ஏறிருவேன். ஒரு பெஷாவர்க்காரன், பக்கத்துலயே உக்காருவான். ஏறினா தோள்ல ஒரு அடி. மூணு மாசம். தோள் வீங்கிப் போச்சு. நெனச்சுப் பார்த்தா, அது எனக்கு மறந்தே போச்சு. பொறக்கும்போதே அங்க ஓட்டத் தெரிஞ்ச மாதிரி நெனச்சுட்டு இருந்தேன்."

"இத நீங்க என்கிட்ட சொன்னதே இல்ல."

"அடி வாங்கினத எவன் போன்ல சொல்லுவான்?" அவர் மூக்கை உறிஞ்சினார். "அங்க மூணு மாசம் எடுத்தேன். இங்க வந்து ஒரு நாளு தப்பு பண்ணினதும் இறங்கிட்டேன்."

கேட் திறந்தது. ரசூல் முதல் கியர் போட்டார். இந்த முறை இடது கைதான் போனது.

அந்தப் பக்கத்துப் பந்திப்பூர் காடு முழுக்க அவரே ஓட்டினார். குண்டுலுப்பேட்டையில் மஞ்சள் பூ வயல்களைப் பார்க்க நிறுத்தினார்கள். கிளம்பும்போது மறுபடியும் வலது பக்கம் ஏறினார், அவள் தொட்டாள், திரும்பினார். இந்தத் தடவை முகம் வெளுக்கவில்லை. "அடிச்சாத்தான் மனசுல நிக்கும், அவன மாதிரி ஒரு அடி போடு" என்றார். அவள் நிஜமாகவே ஒன்று போட்டாள்.

மூன்றாம் நாள் காலை மைசூர் பக்கம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், காவேரிக் கரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. ஆசாத். ரசூல் ஸ்பீக்கரில் போட்டார். அவள் இட்லியைப் பிய்த்தபடியே கையை நிறுத்திவிட்டாள்.

"ரசூல் பாய், சலாம். பாஸ்போர்ட் நாளைக்கு ரெடிதானே? டிக்கெட் பார்த்துரலாமா?"

"வ அலைக்கும் சலாம். வேற ஆளப் பாருங்க ஆசாத்."

"என்ன பாய் இப்படிச் சொல்றீங்க? இந்த வயசுல இங்க என்ன பண்ணப் போறீங்க?"

"வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு இருக்கேன்."

ஆசாத் சிரித்தார். "தமாஷ் பண்ணாதீங்க பாய்."

"தமாஷ் இல்லப்பா. மூணு மாசம் ஆகும். நல்ல வாத்தியாரு கெடைச்சிருக்கு. எடது பக்கம் திருப்பத்தான் அதுக்கும் சரியா வராது. அத நான் சொல்லிக்குடுக்கணும். அதனால எனக்கு இங்க வேலை இருக்கு." போனை வைத்துவிட்டார்.

"ஊரு பூரா சொல்லப் போறான் அந்த ஆளு," என்றாள் நஜ்முன்னிசா.

"சொல்லட்டும். இட்லியச் சாப்பிடு. திரும்பிப் போற வழியிலயும் காடு இருக்குல்ல? அந்தக் காலி ரோட்ட நான் எடுத்துக்கறேன்."

எடுத்துக்கொண்டார். காட்டுக்கு அப்பால் மலையை மட்டும் இருவரும் சேர்ந்து ஓட்டினார்கள்.

இப்போது தினமும் விடியற்காலையில், ரோடு காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்து இருவரும் கிளம்புகிறார்கள். டோல்கேட், மண்ணச்சநல்லூர் என்று ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடியது. போன வெள்ளிக்கிழமை துறையூர் வரை போய் வந்தார்கள். முழங்கையை எத்தனை தடவை தொட்டீர்கள் என்று நஜ்முன்னிசாவைக் கேட்டேன். தெரியாது என்றாள். மண்ணச்சநல்லூர் தாண்டும்போதே தூங்கிவிட்டாளாம்.

வெளிநாட்டில் வண்டி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்து, ஒரு தப்புக்குப் பயந்து சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் உங்கள் தெருவிலும் இருக்கலாம். இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். அவர் காது கொடுக்காவிட்டால் அவர் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லுங்கள். கேட்டவர்கள் இன்னொருவரிடமும் சொல்லட்டும்.